ரெஜிஸ்டர் ஃபைலின் மின்செலவைக் குறைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ராசசருக்குள் ஒரு எண்ணை வைத்து எடுக்க ரெஜிஸ்டரைவிட மலிவான இடம் இல்லை. மலிவு என்பதாலேயே அதன் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கூட்டல் கட்டளைக்கு இரண்டு வாசிப்பு, ஒரு எழுதுதல். நொடிக்கு நூறு கோடி கூட்டல் ஓடினால் முந்நூறு கோடி முறை ரெஜிஸ்டர்களின் தொகுப்பான ரெஜிஸ்டர் ஃபைலுக்குப் போய் வர வேண்டும். மோட்டரோலாவின் எம்.கோர் என்ற சிறிய, மின்சிக்கன ப்ராசசருக்கு 1990-களின் இறுதியில் போடப்பட்ட கணக்கில், மொத்த மின்செலவில் சுமார் 16 சதவீதமும் கணக்குச் செய்யும் பகுதியான டேட்டாபாத்தின் செலவில் சுமார் 42 சதவீதமும் ரெஜிஸ்டர் ஃபைலுக்கே போயிருந்தது.

இது இரண்டு வகை வாசகர்களுக்கான வழிகாட்டி: ஆர்டிஎல் (வன்பொருளை விவரிக்கும் நிரல்) எழுதி சொந்தமாக ஒரு கோர் (கட்டளைகளை ஓட்டும் ப்ராசசர் பகுதி) கட்டுபவர்கள், கட்டி முடித்த சிப்பில் நிரல் ஓட்டுபவர்கள். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். தேவையில்லாத அணுகல்களை முதலில் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சமிருக்கும் ஒவ்வொரு அணுகலின் விலையைக் குறைப்பது. கசிவும் மின்னழுத்தமும் கடைசி. பலர் இதைத் தலைகீழாகத் தொடங்கி, வேலையே செய்யாத ஒரு வாசிப்பைக் குறைந்த மின்னழுத்தத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

படி 1: ஆற்றல் எங்கே போகிறது என்று பாருங்கள்

ரெஜிஸ்டர் ஃபைல் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய பிட் செல்கள். எந்த வரிசை என்பதைத் தேர்ந்தெடுப்பது வேர்டு லைன். அதன் மதிப்பை வெளியே கொண்டுவருவது பிட் லைன். ஒரு செல் தன் மதிப்பைப் பிடித்து வைத்திருக்கக் கசிவு மின்னோட்டம் தவிர வேறு செலவு இல்லை. இந்த நீளமான கம்பிகளை ஏற்றி இறக்குவதில்தான் ஆற்றல் கரைகிறது.

இயக்க மின்திறனுக்கான வாய்பாடு எல்லோரும் படித்ததுதான்: கம்பி மாறும் விகிதம், மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கம், க்ளாக் அதிர்வெண், இந்த நான்கின் பெருக்கல். மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் பெரும்பாலும் சிப் முழுவதற்குமாக முடிவாகின்றன. ரெஜிஸ்டர் ஃபைலை வடிவமைப்பவர் கையில் இருப்பது முதல் இரண்டு. எத்தனை முறை கம்பி மாறுகிறது? மாறும் கம்பி எவ்வளவு நீளம்? கீழே வரும் உத்திகள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

படி 2: மொத்தக் கணக்கில் அதன் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-ல் ஐஎஸ்எஸ்சிசி என்ற சிப் வடிவமைப்பு மாநாட்டில் 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். 32 பிட் முழு எண் கூட்டலுக்கு 0.1 பிகோஜூல் (ஒரு பிகோஜூல், ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 32 பிட் பெருக்கலுக்கு 3.1. சிப்புக்குள் உள்ள சிறு நினைவகமான கேஷ் எட்டு கிலோபைட் என்றால் அதிலிருந்து 64 பிட் எடுக்க 10, 32 கிலோபைட் கேஷ் என்றால் 20. வெளியே முதன்மை நினைவகமான டிராம் வரை போனால் 1,300 முதல் 2,600 பிகோஜூல். ஒரு சாதாரணக் கட்டளையை ஓட்டி முடிக்க மொத்தம் சுமார் 70 பிகோஜூல்; அதில் கட்டளையைக் கேஷிலிருந்து எடுக்க 25, ரெஜிஸ்டர் ஃபைலுக்கு 6.

இந்த எண்களை வைத்துக் கொஞ்சம் யோசிப்போம். கூட்டுவதற்கு ஆகும் ஆற்றலைப்போல அறுபது மடங்கு, கூட்டப்படும் எண்களை எடுத்து வைப்பதில் போகிறது. அதே சமயம், ரெஜிஸ்டர் ஃபைலின் செலவை அடியோடு பூஜ்யமாக்கினாலும் இந்தக் கட்டளையில் மிச்சமாவது ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு.

அடுத்தது இன்னும் முக்கியம். ரெஜிஸ்டர் போதாமல், நிரலைக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் ஒரு மதிப்பை நினைவகத்தில் ஒதுக்கி வைத்தால், அதாவது ஸ்பில் செய்தால், வைக்க ஒரு கட்டளை, திரும்ப எடுக்க ஒரு கட்டளை. இரண்டும் சேர்ந்து சுமார் 140 பிகோஜூல், டேட்டா கேஷின் செலவு தனி. ஆறு பிகோஜூலில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்க ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கையை வெட்டுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் 16 ரெஜிஸ்டர் மட்டும் உள்ள ஆர்வி32இ வகை இருக்கிறது. சிலிக்கான் பரப்பே பிரச்சினையாக இருக்கும் மிகச் சிறிய கோர்களுக்கு அது சரி. மற்ற இடங்களில் உங்கள் நிரலை இரண்டு வகையிலும் கம்பைல் செய்து, லோடு, ஸ்டோர் (நினைவகத்திலிருந்து எடுப்பது, அதில் வைப்பது) எண்ணிக்கையை ஒப்பிடாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். இன்டெல் எதிர்த் திசையில் போகிறது: 2023-ல் அறிவித்த ஏபிஎக்ஸ் விரிவாக்கத்தில் பொது ரெஜிஸ்டர்களை 16-லிருந்து 32 ஆக்கி, லோடுகள் 10 சதவீதமும் ஸ்டோர்கள் 20 சதவீதத்துக்கு மேலும் குறைவதாகச் சொன்னது.

படி 3: அணுகல்களை எண்ணுங்கள்

கைவசம் ஒரு திறந்தமூல கோர் வேண்டும். லோரிஸ்க் அமைப்பின் ஐபெக்ஸ் சிறியது, ஆவணங்கள் தெளிவானவை, பழக நல்லது. சென்னை ஐஐடியின் சக்தி கோர்களும் திறந்தமூலம்தான். வெரிலேட்டர் என்ற சிமுலேட்டரில் கோரை ஓட்டி, கோர்மார்க் போன்ற ஒரு பெஞ்ச்மார்க்கோடு உங்கள் சொந்த நிரல் ஒன்றையும் கொடுங்கள். கட்டளையைப் பிரித்தறியும் டிகோட் நிலையில் சில கவுண்டர்களைச் சேருங்கள். உண்மையிலேயே தேவைப்பட்ட வாசிப்பு எத்தனை? வாசித்த பிறகு, பைபாஸ் (ஃபைலைத் தொடாமல் புதிய விடையை நேரே அடுத்த கட்டளைக்குத் தரும் குறுக்குவழி) வழியாக வேறு மதிப்பு வந்ததால் வீணானது எத்தனை? எப்போதும் பூஜ்யமே தரும் பூஜ்ய ரெஜிஸ்டரை வாசித்தது எத்தனை? எழுதிய மதிப்பை யாருமே வாசிக்காமல் அதன்மேல் மறுபடி எழுதியது எத்தனை?

அப்புறம் ஒவ்வொரு அணுகலுக்கும் விலை. பெரிய எஸ்ரேம் (சிப்புக்குள் வைக்கும் நினைவகம்) வரிசைகளுக்கு எச்பி ஆய்வகத்திலிருந்து வந்த காக்டி என்ற மதிப்பீட்டுக் கருவி போதும். 32 வரிசை மட்டும் உள்ள சிறிய ஃபைலுக்கு அதை நம்ப வேண்டாம். யோசிஸ் கருவியில் சிந்தசிஸ் செய்து (ஆர்டிஎல்லை லாஜிக் கேட்டுகளாக்கி), ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் போன்ற திறந்த செல் நூலகத்துக்கு மாற்றி, கேட் நிலை சிமுலேஷனில் எந்தக் கம்பி எப்போது மாறியது என்று பதிவான விசிடி கோப்பை ஓபன்எஸ்டிஏ கருவிக்குக் கொடுத்து மின்திறன் அறிக்கை எடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. விசிடி கொடுக்காமல் அறிக்கை கேட்டால் கருவி தானாக ஒரு மாறும் விகிதத்தை வைத்துக்கொள்ளும். அந்த எண்ணுக்கும் உங்கள் நிரலுக்கும் சம்பந்தம் இருக்காது. தாமதமே இல்லாத சிமுலேஷனில் கிளிட்ச்கள் (மதிப்பு நிலைக்குமுன் வரும் வீண் மாற்றங்கள்) தெரியாது. பல மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், ரெஜிஸ்டர் ஃபைலின் வாசிப்பு மக்ஸ் மரம் கிளிட்ச் நிறைந்த இடம். கேட் தாமதங்களைச் சேர்த்து ஓட்டிய சிமுலேஷனைத்தான் நம்பலாம்.

படி 4: வேண்டாத வாசிப்பை நிறுத்துங்கள்

அதிகப் பலன் கிடைக்கும் இடம் இதுதான், பலர் கவனிக்காமல் விடும் இடமும் இதுதான்.

ரிஸ்க்-ஃபைவ் கட்டளையில் முதல் மூல ரெஜிஸ்டரின் எண் 15 முதல் 19 வரையிலான பிட்டுகளில் இருக்கும், இரண்டாவது 20 முதல் 24 வரை. எந்த வகைக் கட்டளையிலும் இடம் மாறாது. காரணம் வேகம்: டிகோட் முடியும்வரை காத்திருக்காமல் வாசிப்பைத் தொடங்கிவிடலாம். ஆனால் எல்யுஐ (மாறிலியை ஏற்றுவது), ஜேஏஎல் (தாவுவது) போன்ற கட்டளைகளில் அந்த இரண்டு இடத்திலும் இருப்பது மாறிலியின் பிட்டுகள். மாறிலியோடு கூட்டும் கட்டளையில் இரண்டாவது இடம் அப்படி. எளிமையாக எழுதிய கோர் அந்த மாறிலியையும் ரெஜிஸ்டர் எண்ணாக எடுத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத ஒரு ரெஜிஸ்டரை வாசித்து, 32 கம்பிகளை மாற்றிவிட்டுப் போகும்.

தீர்வு, வாசிப்பு அனுமதிக்கு ஒரு சிக்னல். ஃப்ளிப்-ஃப்ளாப்பும் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்று) மக்ஸும் கொண்டு கட்டிய ஃபைல் என்றால், வாசிப்பு வேண்டாதபோது முகவரியைப் பூஜ்யமாக்காதீர்கள். முந்தைய முகவரியையே பிடித்து வையுங்கள். பூஜ்யத்துக்கு இறக்கி மறுபடி ஏற்றினால் அதே கம்பிகள் இரண்டு முறை மாறும். நேரம் நெருக்கடியாக இருந்தால், கட்டளை, நினைவகத்திலிருந்து எடுக்கப்படும் ஃபெட்ச் நிலையில் இருக்கும்போதே இரண்டு பிட் முன்-டிகோட் செய்து அனுப்பலாம்.

எம்ஐடியில் ஜெசிகா செங், கிரஸ்தே அசானோவிச் இருவரும் 2000-ல் இந்த வகை உத்திகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். தேவையான வாசிப்பை மட்டும் செய்வது, பைபாஸில் வரப்போகும் மதிப்புக்கு ஃபைலைத் தொடாமலிருப்பது, பூஜ்ய ரெஜிஸ்டரை வாசிக்காமலிருப்பது, பிட் லைனைப் பிளப்பது என்று அந்தப் பட்டியல் போகிறது. அசானோவிச் பின்னர் பெர்க்லியில் ரிஸ்க்-ஃபைவை உருவாக்கியவர்களில் ஒருவர். கால் நூற்றாண்டு ஆன பிறகும் புதிதாகக் கட்டும் கோருக்கு அந்தப் பட்டியலைத்தான் முதலில் சரிபார்க்கச் சொல்வேன்.

ஃபைலின் வாசலோடு வேலை முடியவில்லை. வாசித்த மதிப்பு போகும் கம்பி, பெருக்கியின் வாசல் வரை நீள்கிறது. கூட்டல் கட்டளைக்காக மாறிய கம்பி பெருக்கியையும் சும்மா இயக்கிவிடும். பெருக்கலுக்குக் கூட்டலைப்போல முப்பது மடங்கு ஆற்றல் என்று மேலே பார்த்தோம். பெருக்கல் கட்டளை இல்லாதபோது அதன் உள்ளீட்டைப் பிடித்து நிறுத்துங்கள். இந்தச் சேமிப்பு ரெஜிஸ்டர் ஃபைலின் கணக்கில் தெரியாது, ஆனால் சில கோர்களில் ஃபைலுக்குள் செய்த எல்லாவற்றையும்விட இது பெரிதாக இருக்கும்.

எழுதும் பக்கம் சிரமம் அதிகம். ஒரு மதிப்பு பைபாஸ் வழியாக அடுத்த கட்டளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் வன்பொருள் அதை ஃபைலில் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. கம்பைலருக்குத் தெரியும். பின்லாந்தின் டம்பேரேயில் வளர்த்தெடுக்கும் டிரான்ஸ்போர்ட் டிரிகர்டு வகைக் கட்டமைப்பில் மதிப்பு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைக் கம்பைலரே எழுதுவதால், அந்த எழுதுதலை முழுவதுமாக விட்டுவிட முடிகிறது.

படி 5: எதில் சேமிப்பது என்று முடிவு செய்யுங்கள்

32 பிட் ரிஸ்க்-ஃபைவ் கோரில் பூஜ்யத்தை விட்டால் 31 ரெஜிஸ்டர், மொத்தம் 992 பிட். இவற்றை ஃப்ளிப்-ஃப்ளாப்பில் கட்டி க்ளாக்கை நேரடியாகக் கொடுத்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் 992 ஃப்ளிப்-ஃப்ளாப்புகளும் க்ளாக்கை வாங்கும்; அதிகபட்சம் 32 மட்டுமே மாறும். ரெஜிஸ்டருக்கு ஒன்று வீதம் 31 க்ளாக் கேட்டிங் செல் (தேவையில்லாதபோது க்ளாக்கை நிறுத்துவது) போடுங்கள். ஆர்டிஎல்லில் எழுதும் நிபந்தனையை ரெஜிஸ்டர் வாரியாகத் தெளிவாக வைத்தால் வணிக சிந்தசிஸ் கருவிகளே இதைச் செய்துவிடும். சரி, செய்ததா என்று அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிப்பாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் லாட்ச். ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பில் இரண்டு லாட்ச் இருக்கிறது. பாதியை விட்டுவிட்டால் பரப்பும் குறையும், க்ளாக் சுமையும் குறையும். ஐபெக்ஸில் மூன்று வடிவம் தயாராக இருக்கிறது: ஃப்ளிப்-ஃப்ளாப், எஃப்பிஜிஏ (உள் இணைப்புகளை மாற்றியமைக்கக்கூடிய சிப்), லாட்ச். மூன்றையும் ஒரே நிரலுக்கு அளந்து பார்ப்பது நல்ல பயிற்சி. லாட்சில் கவனிக்க வேண்டியது, அது திறந்திருக்கும் நேரம் முழுவதும் எழுதும் மதிப்பு அசையாமல் இருக்க வேண்டும் என்பது. அதற்காக முன்னால் ஒரு நிலை வைத்து மதிப்பைப் பிடிக்க வேண்டும். தயாரித்த சிப்பைச் சரிபார்க்கும் ஸ்கேன் சோதனைக்கும் தனிக் கவனம் தேவை.

எஸ்ரேம் சில கிலோபைட்டுக்கு மேல்தான் லாபம். ஆயிரம் பிட்டுக்கு அதைப் போட்டால் சுற்றியுள்ள டிகோடரும் பிட் லைனின் சிறு மாற்றத்தைக் கண்டறியும் சென்ஸ் ஆம்ப்ளிஃபயருமே பெரும் பங்கைச் சாப்பிட்டுவிடும். பெரிய ஃபைலில் பிட் லைன் முன்கூட்டியே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும்; ஒற்றைக் கம்பி வாசிப்பில் ஒரு மதிப்புக்கு மட்டும்தான் அது இறங்கும். நிரல்களில் ஓடும் எண்கள் பெரும்பாலும் சிறியவை. டேவிட் புரூக்ஸ், மார்கரெட் மார்டனோசி 1999-ல் ஸ்பெக் என்ற பெஞ்ச்மார்க் தொகுப்பின் முழு எண் நிரல்களை ஆராய்ந்தபோது பாதிக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு 16 பிட் போதுமானதாக இருந்தது. ஆகவே மேல் பிட்டுகள் அதிகமும் பூஜ்யம். பூஜ்யத்தை வாசிக்கும்போது கம்பி இறங்காதபடி செல்லை அமைத்தால் அந்த அளவுக்கு இலாபம்.

கசிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய ஃபைலில் அது சிப்பின் மற்ற பகுதிகளோடு சேர்ந்து தீர்வாகும். கோர் நீண்ட நேரம் தூங்கும் கருவி என்றால், தூங்குமுன் ரெஜிஸ்டர்களைக் குறைந்த மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் ரிடென்ஷன் செல்களைப் பாருங்கள்.

படி 6: போர்ட்டுகளைக் குறையுங்கள்

போர்ட் என்பது ஒரு நேரத்தில் ஒரு வாசிப்போ எழுதுதலோ நடக்கும் வாசல். ஒவ்வொரு போர்ட்டும் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேர்டு லைனையும் குறைந்தது ஒரு பிட் லைனையும் சேர்க்கிறது. செல் அகலத்திலும் வளர்கிறது, உயரத்திலும் வளர்கிறது. பரப்பு ஏறக்குறைய போர்ட் எண்ணிக்கையின் வர்க்கமாகப் போகும். இரண்டு வாசிப்பு, ஒரு எழுதுதல் என மூன்று போர்ட் உள்ள ஃபைலைப் பன்னிரண்டு போர்ட்டுக்குக் கொண்டுபோனால் செல் 16 மடங்கு. கம்பியின் நீளம் நாலு மடங்காவதால் ஒற்றை வாசிப்பின் விலையும் ஏறுகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் ரிக்ஸ்னரும் பில் டாலியும் சகாக்களும் 2000-ல் காட்டியது இன்னும் கடுமையானது: எல்லாக் கணக்கு அலகுகளும் ஒரே ஃபைலைப் பகிர்ந்தால், அலகுகளின் எண்ணிக்கையின் மும்மடியாகப் பரப்பும் மின்திறனும் வளரும். போர்ட்டுகளும் கூடுகின்றன, ரெஜிஸ்டர்களும் கூட வேண்டியிருக்கிறது.

நகல் எடுப்பது ஒரு வழி, ஆனால் அது ஆற்றலைச் சேமிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்ஃபா 21264-ல் 80 முழு எண் ரெஜிஸ்டர்களுக்கு இரண்டு நகல். ஒவ்வொன்றிலும் நாலு வாசிப்பு, ஆறு எழுதுதல். ஒரே ஃபைலாகக் கட்டியிருந்தால் எட்டு வாசிப்பு, ஆறு எழுதுதல், மொத்தம் 14 போர்ட். வர்க்கக் கணக்கில் பதினான்குக்கு 196. பத்துக்கு நூறு, இரண்டு நகலுக்கு 200. பரப்பில் வித்தியாசமே இல்லை. வாசிப்பு மலிவாகிறது, ஆனால் ஒவ்வொரு எழுதுதலும் இரண்டு இடத்தில் நடக்க வேண்டும். அந்த வடிவமைப்பு தேடியது வேகத்தை. அதற்கு அது சரியான முடிவு.

ஆற்றல்தான் குறி என்றால் பேங்குகளாக, அதாவது தனித்தனிச் சிறு பகுதிகளாக, பிரிப்பது மேல். நாலு பேங்க், ஒவ்வொன்றிலும் குறைந்த போர்ட். இரண்டு வாசிப்பும் ஒரே பேங்கில் மோதினால் ஒரு சுழற்சி காத்திருக்க வேண்டும். ரெஜிஸ்டர் ஒதுக்கும்போதே கம்பைலர் பெரும்பாலான மோதல்களைத் தவிர்த்துவிடும்.

படி 7: பெரிய கோரில் மதிப்பை நகர்த்தாதீர்கள்

1995-ன் பென்டியம் ப்ரோவில் தொடங்கிய வரிசையில் ஒரு விடை முதலில் ரீஆர்டர் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் எழுதப்படும். கட்டளை முடிவாகும்போது அங்கிருந்து நிரந்தர ரெஜிஸ்டர் ஃபைலுக்கு நகலெடுக்கப்படும். ஒரே மதிப்புக்கு இரண்டு எழுதுதல். 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜில் 256 பிட் ஏவிஎக்ஸ் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வெக்டார் கட்டளைகள்) வந்தபோது இந்த நகர்த்தல் தாங்காது என்று இன்டெல் முறையை மாற்றியது: 160 முழு எண் இடங்கள், 144 வெக்டார் இடங்கள் கொண்ட பௌதீக ரெஜிஸ்டர் ஃபைல். மதிப்பு எழுதிய இடத்திலேயே இருக்கும், அதைச் சுட்டும் சிறிய எண் மட்டும் கை மாறும். 2012-ன் ஐவி பிரிட்ஜில், ஒரு ரெஜிஸ்டரை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கட்டளையே ரெஜிஸ்டர் பெயருக்குப் பௌதீக இடத்தை ஒதுக்கும் பெயர் மாற்றும் கட்டத்தில் பல நேரம் முடிந்துவிடுகிறது. ஃபைலை யாரும் தொடுவதில்லை. கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் அவுட்-ஆஃப்-ஆர்டர் கோர் கட்டுபவர் இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் வைக்க வேண்டும், பின்னால் சேர்ப்பது பெரும்பாடு.

படி 8: ஜிபியுவில் கணக்கே வேறு

என்விடியாவின் வோல்டா வி100 ஜிபியுவில் 80 எஸ்எம்கள் (தனித்தனிக் கணக்குத் தொகுதிகள்), ஒவ்வொன்றிலும் 256 கிலோபைட் ரெஜிஸ்டர் ஃபைல். மொத்தம் 20 மெகாபைட். அதன் எல்2 கேஷ் வெறும் 6 மெகாபைட். ஒன்றாக ஓடும் 32 த்ரெட் கொண்ட ஒரு வார்ப்பின் ஒரே ஒரு பெருக்கிக்-கூட்டும் கட்டளைக்கு 384 பைட் வாசிக்க வேண்டும், 128 பைட் எழுத வேண்டும்.

இங்கே பலன் தருவது அடுக்குகள். மார்க் கெப்ஹார்ட்டும் சகாக்களும் 2011-ல் காட்டினார்கள்: த்ரெட்டுக்கு ஆறு இடம் மட்டும் உள்ள ஒரு குட்டி ரெஜிஸ்டர் கேஷை முன்னால் வைத்தால், பெரிய ஃபைலின் வாசிப்பு 50 சதவீதமும் எழுதுதல் 59 சதவீதமும் குறைகின்றன, கேஷில் இடம் பெறும் த்ரெட்டுகளை நாலில் ஒரு பங்காக்கும் ஷெட்யூலரோடு சேர்த்தால் ரெஜிஸ்டர் ஃபைலின் ஆற்றலில் 36 சதவீதம் மிச்சம். பெரும்பாலான மதிப்புகள் பிறந்த உடனே ஓரிரு முறை வாசிக்கப்பட்டு முடிந்துவிடுகின்றன என்பதே காரணம். என்விடியாவின் 2014-ன் மேக்ஸ்வெல் ஜிபியு முதல், ஒரு மதிப்பை அடுத்த கட்டளைக்கும் பிடித்து வைக்கச் சொல்லும் குறி கட்டளையிலேயே இருக்கிறது. அதை இடுவது கம்பைலர்.

அணிப் பெருக்கலுக்கென்றே உள்ள டென்சர் கோர் இதையே இன்னும் தூரம் கொண்டுபோகிறது. நாலுக்கு நாலு அணிகளைப் பெருக்கிக் கூட்ட 64 பெருக்கல் வேண்டும். தனித்தனிக் கட்டளை என்றால் 192 மதிப்புகளை வாசிக்க வேண்டும். மூன்று அணிகளாக ஒரே வீச்சில் எடுத்தால் 48 போதும். எம்ஐடியின் ஐரிஸ் என்ற நியூரல் நெட்வொர்க் சிப்புக்கான கணக்கில், ஒரு பெருக்கலின் ஆற்றலை 1 என்று வைத்தால் பக்கத்திலேயே உள்ள குட்டி ரெஜிஸ்டர் ஃபைல் 1, அண்டை அலகிலிருந்து எடுத்தால் 2, பொது பஃபர் 6, டிராம் 200. ரெஜிஸ்டர் ஃபைலைச் சிறியதாக்கி, கணக்கு அலகின் பக்கத்திலேயே வைத்து, அதில் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

படி 9: நிரல் எழுதுபவர் செய்ய வேண்டியது

சிப் கையில் வந்துவிட்டது, போர்ட்டை மாற்ற முடியாது. ஸ்பில்லை மாற்றலாம். கம்பைலர் தரும் அசெம்ப்ளியில், மிக அதிகமுறை ஓடும் லூப்பின் உள்ளே ஸ்டாக்குக்குப் போய் வரும் லோடு, ஸ்டோர் இருக்கிறதா என்று பாருங்கள். என்விடியா ஜிபியுவுக்கான கூடா (CUDA) நிரல் என்றால், கம்பைலரிடம் விரிவான அறிக்கை கேட்டால் ஒவ்வொரு கர்னலுக்கும் (ஜிபியுவில் ஓடும் நிரல் பகுதி) ரெஜிஸ்டர் எண்ணிக்கை, ஸ்பில் பைட் எண்ணிக்கை இரண்டையும் அச்சிடும். வி100-ன் ஒரு எஸ்எம்மில் 65,536 ரெஜிஸ்டர், 2,048 த்ரெட். நிரம்ப ஓட்டினால் த்ரெட்டுக்கு 32. அந்த நிரப்பலுக்காகக் கர்னலை 32-க்குள் நெருக்கி ஸ்பில் வரவழைப்பது வழக்கமான தவறு. 64 கொடுத்து 1,024 த்ரெட்டோடு ஓட்டிப் பாருங்கள். பல கர்னல்களில் வேகமும் குறையாது, நினைவகப் போக்குவரத்தும் இறங்கும்.

அணிப் பெருக்கல் போன்ற வேலையில் ரெஜிஸ்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். நாலுக்கு நாலு கட்டத்தை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டால் 16 பெருக்கலுக்கு 8 லோடு போதும், இல்லையென்றால் 32. கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம், ஸ்பில் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும். ஏவிஎக்ஸ்2-ல் 16 வெக்டார் ரெஜிஸ்டர், ஏவிஎக்ஸ்-512-ல் 32. அதனால் அந்த இடம் சிப்புக்குச் சிப்பு மாறும்.

முடிவை லினக்ஸின் பெர்ஃப் கருவியில், ப்ராசசரின் ஆற்றல் செலவைச் சொல்லும் ராப்பல் (RAPL) கவுண்டர் வழியாக அளங்கள். அது ரெஜிஸ்டர் ஃபைலைத் தனியாகக் காட்டாது, சிப் முழுவதற்கும்தான். ஆகவே ஒரே வேலையின் இரண்டு வடிவங்களை, ஒரே அதிர்வெண்ணில், சில நொடிகளாவது ஓடும்படி வைத்து ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியது வாட் அல்ல, வேலை முடியும்வரை ஆன மொத்த ஜூல். ஸ்பில் இல்லாத வடிவம் நொடிக்கு அதிக வாட் இழுத்து, சீக்கிரம் முடித்து, மொத்தத்தில் குறைவாகச் செலவழிப்பது சாதாரணமாக நடப்பது.